சந்திரனில் தொலைந்த நம் கப்பல்கள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. யானைமலை, நாகமலை, பசுமலை ஆகிய மூன்றும் பாண்டியன் தலைநகரை அழிப்பதற்காக ஏவப்பட்ட மாயப் பிராணிகள் என்றும், சொக்கநாதர் அருளால் அவை மாண்டு, விழுந்த இடத்திலேயே கல்லாய்ச் சமைந்து விட்டன என்றும் திருவிளையாடற் புராணம் கூறும். மாயப் பசுவை எதிர்த்துச் சென்றவர் நந்தி தேவர். திருப்பரங்குன்றத்துக்குப் பசுமலை வழியாகப் போகிற குடும்பங்களில், குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் குன்றைச் சுட்டிக் காட்டாதவர்கள் குறைவு.

போரில் விழுந்த உடல், பின்னால் வருகிறவர்களுக்கு ஓர் அடையாளமாகக் கிடப்பது என்பது புராணத்தோடு முடிந்து போன சங்கதி அல்ல. அண்ணாந்து பார்த்தால் தெரிகிற சந்திரனிலே இப்போது அப்படிக் கிடக்கும் யந்திரங்கள் பல. அவற்றில் நம் பாரத நாட்டுக் கலங்களும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று விழுந்த இடத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் மதுரைக்காரர் என்பது இந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆகையால் அந்தக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2019-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 7-ந் தேதி அதிகாலையில் நாட்டில் எத்தனையோ வீடுகளில் யாரும் உறங்கவில்லை. சந்திரயான்-2 என்னும் கலத்திலிருந்து பிரிந்த 'விக்ரம்' என்ற இறங்கு கலம், சந்திரனுடைய தென் துருவத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி ஒரு சமவெளியில் இறங்குவதாக ஏற்பாடு. இரவு 1 மணி 38 நிமிஷத்துக்கு, 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறக்கம் ஆரம்பமாயிற்று. பெங்களூர்க் கட்டுப்பாட்டு நிலையத்தில் திரையில் ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டின் மீது ஒரு புள்ளி நகர்ந்து கொண்டிருந்தது. புள்ளி கோட்டை விட்டுச் சற்றே விலகியது. பிறகு அப்படியே நின்றது. சந்திரனுக்கு மேலே 2.1 கிலோமீட்டர் உயரம் வரையில் எல்லாம் ஒழுங்காக நடந்ததென்றும், அதற்குப் பிறகு தொடர்பு அற்றுவிட்டதென்றும் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் டாக்டர் சிவன் தழுதழுத்த குரலில் அறிவித்தார். குமரி மாவட்டத்துச் சரக்கல்விளை என்னும் சிற்றூரில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் அவர். காலையில் அவர் கண் கலங்கி நின்றதையும், பிரதம மந்திரி அவரைத் தழுவித் தட்டிக் கொடுத்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். அந்த யாத்திரையின் திட்ட இயக்குநராக இருந்த ஸ்ரீமதி வனிதாவும் தமிழ் நாட்டவரே.

தமிழ் நாட்டுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சம்பந்தமும் உண்டு. சந்திரனில் ஓட வேண்டிய சிறு வண்டியை முதலில் பூமியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்குச் சந்திரனின் மண்ணைப் போன்ற மண் வேண்டும். அந்தக் கல் வகை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய கிராமங்களில் கிடைத்தது. சேலத்துக் கருங்கல் அரைவை யந்திரங்களில் அதைப் பொடியாக்கி டன் கணக்கில் பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

கலம் போயிற்று. ஆனால் எங்கே போயிற்று? பத்திரிகைகளில் இரண்டு வாரம் இதே பேச்சு. சந்திரனை 2009 முதல் சுற்றிக் கொண்டிருக்கும் அமெரிக்கக் கலம் ஒன்று செப்டம்பர் 17-ந் தேதி அந்தப் பக்கமாகப் போகையில் படம் எடுத்தது. அப்போது அங்கே அந்தி நேரம்; நிழல்கள் நீண்டு கிடந்தன. ஒன்றும் புலப்படவில்லை. அமெரிக்க விஞ்ஞானிகள் அந்தப் படங்களை ஒன்றாய்ச் சேர்த்து 26-ந் தேதி உலகத்தின் முன் வைத்து, விருப்பமுள்ளவர்கள் தேடிப் பார்க்கலாம் என்று விட்டு விட்டார்கள்.

அப்படித் தேடியவர்களில் ஒருவர் ஸ்ரீ சண்முக சுப்பிரமணியன். மதுரையைச் சொந்த ஊராகக் கொண்டவர். எஞ்சினீயரிங் படித்து விட்டுச் சென்னையில் கம்ப்யூட்டர் தொழிலில் இருந்தவர். வான சாஸ்திரம் அவருடைய உத்தியோகம் அன்று. எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் அவருக்கு நாற்காலி கிடையாது. வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, விழுவதற்கு முன் எடுத்த பழைய படத்தையும் விழுந்த பிறகு எடுத்த புதிய படத்தையும் அருகருகே வைத்துக் கொண்டு, அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

இந்த வேலை எவ்வளவு கஷ்டமானது என்பதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது சந்திரனில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இடம். ஆழாக்கு அரிசியைத் தரையில் கொட்டி, அதில் ஒரே ஒரு குறுநொய்யைப் பொறுக்கச் சொன்னால் நம் வீட்டுப் பெண்மணிகள் பொறுக்கி விடுவார்கள். ஆனால் இங்கே கொட்டிக் கிடப்பது அரிசி அல்ல. பள்ளமும் மேடும் பாறையும் நிழலுமாகக் கோடிப் புள்ளிகள். சூரியன் இருக்கும் திசை மாறினால் நேற்று வெளுப்பாக இருந்த பாறை இன்று கறுப்பாகி விடும். ஆகவே வித்தியாசமாகத் தெரிகிறதெல்லாம் கலத்தின் துண்டு என்று துள்ளிக் குதிக்க முடியாது. அவர் கண்டது ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. பழைய படங்களில் அந்த இடத்தில் அது இல்லை. அக்டோபர் மாத ஆரம்பத்தில் அதைப் பற்றி அமெரிக்காவுக்கு எழுதினார்.

அங்குள்ளவர்கள் அதை அலட்சியம் செய்யவில்லை என்பதுதான் விசேஷம். அவர் சொன்ன இடத்தை மறுபடி அக்டோபர் 14, 15 தேதிகளிலும், நல்ல வெளிச்சம் வாய்த்த நவம்பர் 11-ந் தேதியிலும் படம் பிடித்தார்கள். கடைசிப் படத்தில் ஒரு புள்ளி 0.7 மீட்டர் அளவு. கலம் மோதிய வடு தெரிந்தது. அதைச் சுற்றி மண் சிதறி நிறம் மாறியிருந்தது தெரிந்தது. பல கிலோமீட்டர் பரப்பில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் துண்டுகள் தெரிந்தன. ஸ்ரீ சண்முக சுப்பிரமணியன் கண்ட புள்ளி, மோதிய இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டர் தூரத்தில் கிடந்த ஒரு துண்டு. டிசம்பர் 2-ந் தேதி அமெரிக்கர்கள் படத்தை வெளியிட்டபோது, அந்தத் துண்டின் பக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்து, கண்டுபிடித்தவர் இன்னார் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள்.

நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? நம்முடைய கலமே விக்ரம் கிடக்கும் இடத்தை முன்னதாகக் கண்டு விட்டதென்றும், அதை அப்போதே தெரிவித்து விட்டோம் என்றும் டாக்டர் சிவன் கூறினார். வாஸ்தவம், செப்டம்பர் 8-ந் தேதியே அப்படி ஒரு செய்தி வந்தது. ஆனால் படம் வரவில்லை. படத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கும், படம் இருக்கிறது என்று காதால் கேட்டவர்களுக்கும் உள்ள வேற்றுமையைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். மதுரைப் பிள்ளை ஒருவர், தம் தேசத்துக் கப்பல் விழுந்த இடத்தைத் தேடுவதற்கு அமெரிக்கர் படத்தை நாட வேண்டியிருந்தது. இதைச் சொல்வது நம் விஞ்ஞானிகளைக் குறை கூறுவதற்காக அல்ல. ஜயித்தபோது கொடி பிடித்து ஊர்வலம் போகும் ஜனங்கள், தோற்றபோது கணக்கைப் பார்க்கவும் உரிமை உடையவர்கள் என்பதற்காகவே சொல்கிறேன். மறு வருஷம், 2020 டிசம்பர் 24-ந் தேதி, சந்திரயான்-2 சுற்றுக் கலம் சேகரித்த விவரங்களின் முதற் பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்டார்கள். அதற்காக அவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும். விபத்தை விசாரித்த குழுவின் அறிக்கையை மட்டும் பொது ஜனங்களுக்கு வெளியிடவில்லை.

காரணம் வெளியானது 2023-ம் வருஷத்தில். அப்போது தலைவராயிருந்த ஸ்ரீ சோமநாத் சபை நடுவே விளக்கமாகச் சொன்னார். விக்ரமுக்கு ஐந்து எஞ்சின்கள். அவை எதிர்பார்த்ததை விட அதிகமாகவே தள்ளின. அதனால் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. ஆனால் வழியில் ஒரு கட்டத்தில், கீழே படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் நிதானமாக வர வேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஆகவே பிழையை உடனே திருத்த வழியில்லை. திருத்த ஆரம்பித்தபோது வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. இவ்வளவுக்கு மேல் திரும்பலாகாது என்று கணக்குப் பொறியில் ஒரு வரம்பு கட்டியிருந்தது. இத்தனைக்கும் மேலே, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் கொண்ட ஒரு சிறு கட்டம். அந்தக் கட்டத்தைப் பிடிக்க வேண்டுமென்ற பிரயாசையில் தரை நெருங்கி விட்டது, வேகம் குறையவில்லை. மாட்டுவண்டிக்காரன் சந்து முனையில் வண்டியைத் திருப்ப வேண்டும்; மூக்கணாங்கயிறு குட்டையாக இருக்கிறது; மாடோ மிரண்டு ஓடுகிறது. அந்த நிலைமைதான்.

அடுத்த கலத்தை இந்தப் படிப்பினைகளை வைத்தே கட்டினார்கள். ஐந்து எஞ்சின் நான்காயிற்று. இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிந்தது. கால்களுக்கு வலுவூட்டினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், தரையைப் பார்த்து வேகத்தை அளக்க லேசர்க் கருவி ஒன்றைப் புதிதாக வைத்தார்கள். விழுப்புரத்தைச் சேர்ந்த ஸ்ரீ வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. அதற்கு இடம் பார்த்துக் கொடுத்ததில் பெரும் பங்கு சந்திரயான்-2-இன் சுற்றுக் கலத்துக்கு உண்டு. விக்ரம் விழுந்தபோதிலும் மேலே சுற்றிக் கொண்டிருந்த தாய்க் கலம் சேதமின்றி இருந்ததல்லவா? ஒரு வருஷம் உழைக்க வேண்டுமென்று கட்டிய அது, எரிபொருள் மிச்சப்பட்டதால் பல வருஷம் உழைத்தது. தம்பி வந்து சேருவதற்கு இரண்டு நாள் முன்னதாக அண்ணன் ரேடியோவில் அவனுக்கு நல்வரவு கூறியதாக ஆராய்ச்சி நிலையத்தார் வேடிக்கையாக அறிவித்தார்கள்.

இனி முதற் கலத்தின் கதைக்கு வருவோம். இது இன்னும் விசித்திரமானது.

சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக் கிராமத்தில் பிறந்த டாக்டர் மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். சந்திரனில் நீரின் அறிகுறி உண்டு என்று உலகம் ஒப்புக் கொள்ளும்படி செய்தது அந்தக் கலத்தில் சென்ற கருவிகளே. இரண்டு வருஷம் உழைக்க வேண்டியது, சூட்டினால் கருவிகள் பழுதாகி, 312-வது நாளில், 2009 ஆகஸ்டு 29-ந் தேதி திடீரென்று வாய் அடைத்து விட்டது. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கே இருக்கிறது, விழுந்து விட்டதா, சுற்றிக் கொண்டிருக்கிறதா என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது.

சந்திரனைச் சுற்றும் பாதை நம்பத் தகாதது. சந்திரனுக்குள்ளே சில இடங்களில் கனமான பாறைத் திணிவுகள் புதைந்திருக்கின்றன. அவற்றின் மேலே போகும்போதெல்லாம் கலத்தைக் கொஞ்சம் அதிகமாக இழுக்கின்றன. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இப்படி இழுபட்டால் பாதை எங்கேயோ போய் விடும். தொலைநோக்கியால் தேடலாமென்றால், சந்திரனுடைய பிரகாசத்தின் நடுவில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு பெட்டி எப்படித் தெரியும்? தீபாவளி மத்தாப்புக்கு எதிரே பறக்கிற மின்மினியைத் தேடுகிற கதைதான்.

அமெரிக்காவில் சில ராடார் நிபுணர்கள் வேறு யுக்தி செய்தார்கள். 2016 ஜூலை 2-ந் தேதி, கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன் என்ற இடத்திலுள்ள 70 மீட்டர் விட்டமுள்ள பெரிய தட்டிலிருந்து, சந்திரனின் வட துருவத்துக்கு 160 கிலோமீட்டர் மேலே உள்ள வெறும் வெளியை நோக்கி ரேடியோ அலைகளைப் பாய்ச்சினார்கள். துருவங்களுக்கு மேலாகச் சுற்றுகிற கலம் எதுவாயிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் துருவத்தைக் கடந்தே தீர வேண்டும். கோயில் வாசலில் உட்கார்ந்து கொண்டால், ஊரில் உள்ளவர்களை வீடு வீடாகத் தேட வேண்டியதில்லை அல்லவா? திரும்பி வரும் எதிரொலியை மேற்கு வர்ஜீனியாவிலுள்ள 100 மீட்டர் தட்டு ஒன்று காத்திருந்து வாங்கியது. நாலு மணி நேரத்தில் இரண்டு தடவை ஏதோ ஒன்று அந்த ஒளிக்கற்றையைக் கடந்தது. சந்திரயான்-1 ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் காலம் 2 மணி 8 நிமிஷம். கணக்கு ஒத்துக் கொண்டது! பாதையின் உருவமும் சாய்வும் பழையபடியே இருந்தன. கலம் மட்டும், இருக்க வேண்டுமென்று பழைய கணக்குச் சொன்ன இடத்துக்கு ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. 2017 மார்ச்சு மாதம் இந்தச் செய்தி வெளியாயிற்று. ஏழு வருஷம் செத்துப் போனதாக நினைத்திருந்த கலம், பேச்சு மூச்சின்றி, விடாமல் பிரதக்ஷிணம் செய்து கொண்டிருந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது அன்று. ருஷ்யர்களின் 'லூனகோது-1' என்ற வண்டி 1971 செப்டம்பரில் ஓய்ந்து போய், அதன் இருப்பிடம் சரியாகத் தெரியாமலே கிடந்தது. 2010-ல் படத்தில் அது தென்பட்டதும், பூமியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். அதன் முதுகில் இருந்த கண்ணாடி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பியது. சுமார் நாற்பது வருஷம் புழுதியில் கிடந்த கண்ணாடி! ஓய்ந்து போன கலத்தை மனிதர்களே நேரில் போய்ப் பார்த்ததும் உண்டு. 1967-ல் அமெரிக்கர் இறக்கிய 'சர்வேயர்-3' கலத்துக்கு அருகில், 1969 நவம்பரில் 'அப்போலோ-12' வீரர்கள் இருவர் இறங்கி, நடந்து போய், அதன் காமிராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டரை வருஷம் சந்திரனில் இருந்தால் உலோகமும் கண்ணாடியும் என்ன ஆகும் என்று அதைப் பார்த்துத் தெரிந்து கொண்டார்கள்.

இவை தொலைந்த பின் தேடியவை. தொலையாமலே, வேலை முடிந்த கலத்துக்கு இன்னொரு யாத்திரையை ஏற்பாடு செய்வது தனிக் கலை. இதில் நம்மவர்கள் அண்மையில் காட்டிய கெட்டிக்காரத்தனம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சந்திரயான்-3-இன் விக்ரமைச் சந்திரன் வரையில் சுமந்து சென்றது ஒரு தள்ளு கலம். சுமையை இறக்கிய பிறகு சில மாதம் சந்திரனைச் சுற்றுவதோடு அதன் வேலை தீர்ந்தது. ஆனால் அதில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மீந்திருந்தது. சிக்கனமான குடும்பத்தில் மிஞ்சிய மாவை வீணாக்குவார்களா? 2023 அக்டோபர் 9-ந் தேதி அதன் பாதையை 5,112 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுப்பி, 13-ந் தேதி பூமியை நோக்கித் திருப்பி விட்டார்கள். நவம்பர் 10-ந் தேதி அது சந்திரனின் ஆட்சியை விட்டுக் கிளம்பி, 22-ந் தேதி பூமிக்கு 1.54 லட்சம் கிலோமீட்டர் வரையில் நெருங்கி வந்தது. போகத்தான் தெரியும் என்றிருந்தவர்களுக்கு வரவும் தெரிந்தது. சந்திரனில் மண் அள்ளிக் கொண்டு வரப் போகிற ஒரு நாட்டுக்கு இந்த ஒத்திகை எவ்வளவு முக்கியம்! அத்தகைய யாத்திரையாகிய சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பரில் மந்திரி சபை 2,104 கோடி ரூபாய் அனுமதித்தது.

இறங்கிய விக்ரமையும் சும்மா விடவில்லை. அதன் வேலைகள் முடிந்து இரவு நெருங்கிய சமயம், செப்டம்பர் 3-ந் தேதி, எஞ்சினை மறுபடி மூட்டிச் சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பச் செய்து, பக்கத்தில் இறக்கினார்கள். ஒரு முழம்கூட இல்லையே என்று சிரிக்க வேண்டாம். சந்திரனிலிருந்து கிளம்புவதற்கு முதல் அடி அதுவே.

பூமிக்கு அருகில் சுற்றும் கலங்களில் 'மேகா-டிராபிக்ஸ்' கதை எனக்கு மிகவும் பிடித்தது. பிரெஞ்சுக்காரரும் நாமும் சேர்ந்து 2011 அக்டோபர் 12-ந் தேதி அனுப்பிய மழை ஆராய்ச்சிக் கலம் அது. எடை சுமார் 1,000 கிலோ. மூன்று வருஷத்துக்கென்று போனது பத்து வருஷம் மேகங்களை அளந்தது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 20 டிகிரி, தெற்கே 20 டிகிரி என்று அது உலாவியபடியால் நம் வைகைப் பிரதேசத்தின் வானமும் அதன் வழியில் இருந்தது. வேலை முடிந்த பிறகு அப்படியே விட்டிருந்தால், 867 கிலோமீட்டர் உயரத்தில் நூறு வருஷத்துக்கு மேல் குப்பையாகச் சுற்றி, வேறு கலங்களின் மேல் மோதும் அபாயம் இருந்தது. இந்த மாதிரி முடிவுக்கென்று கட்டப்படாத அந்தக் கலத்தை, மிச்சமிருந்த 125 கிலோ எரிபொருளைக் கொண்டு 2022 ஆகஸ்டு முதல் இருபது தடவை படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச்சு 7-ந் தேதி பசிபிக் சமுத்திரத்தில் ஜன நடமாட்டமில்லாத பகுதிக்கு மேலே எரிந்து போகும்படி செய்தார்கள். மூதாதையர் வீட்டைக் காலி செய்யும்போது கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்து விட்டுப் போகிற குடித்தனக்காரரின் நேர்மை இதில் இருக்கிறது. விண்வெளியில் குப்பை போட்ட தேசங்கள் எல்லாம் இதைச் செய்வதில்லை.

சந்திரயான்-3-இன் விக்ரம் அந்த இரவுக்குப் பிறகு விழிக்கவில்லை. செப்டம்பர் 22-ந் தேதி சூரியன் உதித்ததும் எழுப்பிப் பார்த்தார்கள், பதில் இல்லை. ஆனால் அதன் தலையில் அமெரிக்கர் கொடுத்த ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் அகலம். எட்டுப் பட்டகக் கண்ணாடிகள். மின்சாரமும் வேண்டாம், கவனிப்பும் வேண்டாம். 2023 டிசம்பர் 12-ந் தேதி, மதுரைக்காரருக்குப் படம் கொடுத்த அதே அமெரிக்கக் கலம் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து லேசர் ஒளியை அதன் மீது பாய்ச்சியது. உறங்கிக் கிடந்த விக்ரமிடமிருந்து ஒளி திரும்பி வந்தது. இனிமேல் அந்தப் பக்கம் வருகிற கலங்கள் தாங்கள் இருக்கும் இடத்தைத் திட்டம் செய்து கொள்வதற்கு அதை ஒரு கலங்கரை விளக்கமாக வைத்துக் கொள்ளலாம் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள்.